"15 வருடம் பொறுத்தால் நஷ்டமே வராது" என்பவர்களுக்கு ஒரு கேள்வி

கறார்கணக்கு:
புதிதாக வந்த ஒருவர், "சேமிப்பு முழுவதையும் பங்கில் போடலாமா, பயமாக இருக்கிறது" என்று நேற்று இன்னொரு இழையில் கேட்டிருந்தார். அதற்கு நம் பொறுமைசாலி சொன்ன பதில் இது: "இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிதி) போட்டுவிட்டு 15 வருடம் திரும்பிப் பார்க்காதீர்கள், நஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பயப்படுகிற மனிதரிடம் இப்படியா சொல்வது?

ஜப்பானின் பெரிய நிறுவனப் பங்குகளின் விலையைக் காட்டும் நிக்கேய் 225 குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915ல் முடிந்தது. அந்த உயரத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 வருடம். நடுவில் 2009 மார்ச்சில் 7,054 வரை போனது. 40 வயதில் போட்டவர் 74 வயதில்தான் போட்ட பணத்தைத் திரும்பக் கண்ணால் பார்த்திருப்பார். உங்கள் 15 வருடம் இதில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

பொறுமைசாலி:
வந்துவிட்டதா ஜப்பான். நீண்டகாலம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவீர்கள். அந்த 34 வருடம் என்பதே தப்பு. நிக்கேய் வெறும் விலைக் குறியீடு, நிறுவனங்கள் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் டிவிடெண்ட் அதில் சேராது. சேர்த்துக் கணக்குப் போட்டால் போட்ட பணம் அதற்கு முன்பே திரும்பிவிடும். அப்புறம், வாழ்நாள் சேமிப்பு மொத்தத்தையும் உச்சியில் இருந்த அந்த ஒரே நாளில் கொண்டுபோய்ப் போட்டவர் யார்? மாதாமாதம் போடுகிறவருக்கு வீழ்ச்சி நல்லது, அதே பணத்துக்கு ஃபண்டில் அதிக யூனிட் கிடைக்கும்.

கறார்கணக்கு:
சரி, 34 தப்பு. டிவிடெண்ட் சேர்த்தால் எத்தனை வருடம்? எண்ணைச் சொல்லுங்கள். 15ஆ?

பொறுமைசாலி:
எண் எத்தனை என்பது இங்கே பேச்சில்லை. 34 தப்பு, அவ்வளவுதான். தப்பான எண்ணை வைத்து ஆட்களைப் பயமுறுத்தாதீர்கள்.

கறார்கணக்கு:
15 இல்லை என்று உங்களுக்கே தெரியும், அதனால்தான் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். 15 வருடம் முடிந்த 2004 கடைசியில் நிக்கேய் 12,000ஐக்கூடத் தொடவில்லை. உச்சியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. எந்த டிவிடெண்ட் அந்தப் பள்ளத்தை நிரப்பும்?

தங்கத்தாத்தா:
இதற்குத்தான் தலைதலையாக அடித்துக்கொள்கிறேன், தங்கம் வாங்குங்கள் என்று. கையில் இருக்கும், கண்ணுக்குத் தெரியும். இந்தக் குறியீடு, யூனிட் எல்லாம் காகிதம்.

கறார்கணக்கு:
தாத்தா, 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் தங்கம் 850 டாலர். நடுவில் 300 டாலருக்கும் கீழே கிடந்துவிட்டு, அதே 850ஐத் திரும்பப் பார்த்தது 2008 ஜனவரியில். 28 வருடம். இதில் டிவிடெண்ட் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பொறுமைசாலிகூடச் சொல்ல முடியாது.

தங்கத்தாத்தா:
என் வயதுக்கு மரியாதை கொடுத்துப் பேசவும். நான் 1980ல் வாங்கவில்லை.

கறார்கணக்கு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். நீங்கள் வாங்கிய வருடம் நல்ல வருடம். எல்லோருக்கும் அது அமையாது.

குறுக்குசால்:
கறார்கணக்கு இவ்வளவு வீராப்பாகப் பேசுவதைப் பார்த்தால் எனக்குப் பழைய ஞாபகம் வருகிறது. டெர்ரா யுஎஸ்டி என்ற கிரிப்டோ நாணயத்தில் வருடத்துக்கு 20 சதவீதம் வட்டி வருகிறது, கொஞ்சம் வைத்துப் பாருங்கள் என்று இங்கேயே எழுதியவர் யார்? 2022 மே மாதம் அது சரிந்து ஒன்றுமில்லாமல் போனது எல்லோருக்கும் தெரியும். ரிஸ்க் பற்றிப் பாடம் எடுக்கிற ஆள் இவர்தானா?

கறார்கணக்கு:
பாதியை மட்டும் எடுத்துப் போடுகிற வேலையை விடுங்கள். "5 சதவீதத்துக்கு மேல் கூடாது, மொத்தமும் போனாலும் தாங்கும் என்றால் மட்டும்" என்று எழுதினேன். போனது 5, நின்றது 95. அந்த 5ஐ இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை.

குறுக்குசால்:
"5 சதவீதத்துக்கு மேல் கூடாது" என்ற வரி நீங்கள் பிறகு திருத்திச் சேர்த்தது.

கறார்கணக்கு:
பொய். முதல் பதிவிலேயே இருந்தது.

குறுக்குசால்:
திருத்தப்பட்டது என்று அதன் கீழேயே இருக்கிறது, நான் பார்த்தேன்.

கறார்கணக்கு:
எழுத்துப்பிழை திருத்தினேன்! வேறொன்றும் தொடவில்லை.

இரவுப்பறவை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் 2020ல் பட்டதைச் சொல்கிறேன். என் கணவருக்கு வேலை போன மாதம் சந்தையும் விழுந்தது. எங்களிடம் இருந்தது எல்லாமே ஃபண்டில்தான், ஏனென்றால் விற்றவர் இதே "நீண்டகாலம்" பாட்டைத்தான் பாடினார். வங்கிக் கணக்கில் ஒரு மாதச் செலவுக்குக்கூடப் பணம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு, குழந்தை எழுந்துவிடக்கூடாது என்று போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, மூன்று முறை கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டு, நான்காவது முறை உள்ளே போய் எல்லாவற்றையும் விற்றேன். தேதி மார்ச் 23. அமெரிக்கச் சந்தை அந்த வீழ்ச்சியில் தொட்ட அடிமட்டம் அதே நாள்தான் என்று பிறகு தெரிந்தது. பிப்ரவரி உச்சியிலிருந்து 34 சதவீதம் இறங்கியது, ஆகஸ்டிலேயே பழைய உயரத்தைத் தொட்டுவிட்டது. ஐந்தே மாதம். எனக்கு 15 வருடமும் வேண்டாம், 34 வருடமும் வேண்டாம், அந்த ஐந்து மாதச் செலவுக்குப் பணம் தனியாக இருந்திருந்தால் போதும்.

பொறுமைசாலி:
வருத்தமாக இருக்கிறது சகோதரி. ஆனால் பாருங்கள், விற்றதால்தானே நஷ்டம்? நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

கறார்கணக்கு:
விற்காமல் எதை வைத்துச் சாப்பிடுவார்கள், உங்கள் தத்துவத்தையா? அந்த அம்மா இவ்வளவு எழுதிய பிறகும் "விற்றதால்தானே" என்கிறீர்களே, நெஞ்சில் ஈரம் வேண்டாமா.

இப்போது நான் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், படிக்கிறவர்கள் படியுங்கள். மாதாமாதம் போட்டால் வீழ்ச்சி நல்லது என்றாரே, அதைப் பிரித்துப் பார்ப்போம். விலை 100, 50, 100 என்று போகிறது. ஒவ்வொரு முறையும் 100 போடுகிறீர்கள். 1 யூனிட், 2 யூனிட், 1 யூனிட், ஆக 4. போட்டது 300, கையில் 400. பிரமாதம், எல்லா விளம்பரத்திலும் இதைத்தான் காட்டுவார்கள். அதையே திருப்பிப் போடுங்கள்: 50, 100, 50. 2, 1, 2, ஆக 5 யூனிட். கடைசி விலை 50, கையில் 250. போட்டது அதே 300. மாதாமாதம் போட்டும் நஷ்டம்தான். கடைசியில் விலை எங்கே நிற்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது, உங்கள் பொறுமை இல்லை.

இன்னொன்று. 20 வருடம் மாதாமாதம் போட்டால் 240 தவணை சேர்ந்திருக்கும். அப்போது சந்தை பாதியாக விழுந்தால், அந்த மாதம் மலிவாக வாங்குவது ஒரே ஒரு தவணைக்கு. பாதியாவதோ சேர்ந்து கிடக்கிற 240 தவணையும். பாதியாக விழுந்தது முதலுக்கு வர இரண்டு மடங்கு ஆக வேண்டும், நிக்கேய் விழுந்தபடி விழுந்தால் ஐந்தரை மடங்கு ஆக வேண்டும். அதனால்தான் பணம் தேவைப்படும் காலம் நெருங்க நெருங்கப் பங்கைக் குறைத்து வங்கி வைப்பில் வை, கடன் பத்திரத்தில் வை, அவசரச் செலவுக்குத் தனியாக எடுத்து வை என்று கத்துகிறேன். இதைச் சொன்னால் நான் பயமுறுத்துகிறேனாம். 34 வருடம் காத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள் பயம் என்றால் என்னவென்று.

பொறுமைசாலி:
இவ்வளவு எழுதியும் கடைசியில் அதே 34. தப்பு என்று சொல்லியாயிற்று. கடன் பத்திரம் என்கிறீர்களே, 2022ல் பங்கும் விழுந்தது, கடன் பத்திரமும் கூடவே விழுந்தது, அதை ஏன் எழுதவில்லை? தவிர, ஒரே நாட்டில் போடு என்று நான் எங்கே சொன்னேன்? உலகம் முழுக்கப் பிரித்துப் போட்டவருக்கு ஜப்பான் ஒரு பகுதிதான், மற்ற நாடுகள் தூக்கி நிறுத்தியிருக்கும்.

கறார்கணக்கு:
1989ல் உலகிலேயே பெரிய பங்குச்சந்தை ஜப்பானுடையது. "ஒரு பகுதிதான்" என்று அன்றைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜப்பானே வேண்டாம், அமெரிக்காவுக்கு வாருங்கள். அங்குள்ள நாஸ்டாக் பங்குக் குறியீடு 2000 மார்ச் 10ல் 5,048. அதைத் தாண்டியது 2015 ஏப்ரலில். உங்கள் 15 வருடத்தைப் பொறுத்தவருக்கு அதற்கு மேலும் ஒரு மாதம் ஆனது.

பொறுமைசாலி:
டிவிடெண்ட் சேர்க்காமல்!

கறார்கணக்கு:
எண்ணைச் சொல்லுங்கள்!

தங்கத்தாத்தா:
எனக்குக் கொடுத்த பதிலுக்கு இன்னும் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். டெர்ரா விஷயத்தைத் தனி இழையில் பேசிக்கொள்ளுங்கள்.

குறுக்குசால்:
தனி இழை திறந்தால் அதையும் அவர் திருத்திவிடுவார்.

புதுவரவு:
ஐயா, நேற்றுக் கேள்வி கேட்டது நான்தான். ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பணத்தில் பாதி எனக்கு இரண்டு வருடத்தில் தேவைப்படும், தங்கை படிப்புக்கு. மீதியை 20 வருடம் தொட மாட்டேன். இப்போது என்ன செய்யட்டும்?

கறார்கணக்கு:
பார்த்தீர்களா! இரண்டு வருடத்தில் வேண்டிய பணம்! இவரிடம்தான் 15 வருடம் திரும்பிப் பார்க்காதே என்று சொன்னார் இந்த மகான். தம்பி, அந்தப் பாதியைப் பங்கில் ஒரு காசுகூடப் போடாதே. வைப்பில் வை. மீதியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் இவர் பதில் சொல்லட்டும்.

பொறுமைசாலி:
அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் வைப்பில்தான் வைக்கச் சொல்லியிருப்பேன். கேட்காதது என் தப்பு இல்லை, சொல்லாதது அவர் தப்பு. 34 என்பது மட்டும் இப்போதும் தப்புதான்.

இரவுப்பறவை:
தம்பி, படிப்புப் பணத்தோடு சேர்த்து ஆறு மாதச் செலவையும் தனியாக வையுங்கள். இவர்கள் சண்டை முடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

பொறுமைசாலி:
டிவிடெண்ட் சேர்த்த கணக்கை நாளை போடுகிறேன், அப்போது தெரியும் யார் கறார் என்று.

கறார்கணக்கு:
போன வருடமும் "நாளை" என்றுதான் சொன்னீர்கள். காத்திருக்கிறேன். எண்ணோடு வாருங்கள்.