வீட்டுலயே எலக்ட்ரிக் கிட்டார் மாத்தி அமைக்க சாமான், டூல்ஸ் எல்லாம் எங்க வாங்குறீங்க?

காவிரிக்கரை_கிட்டார்:

வணக்கம் எல்லாருக்கும். என்கிட்ட ஒரு பழைய ஸ்ட்ராட் காப்பி (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் மாதிரியே வேற கம்பெனி செஞ்ச எலக்ட்ரிக் கிட்டார்) இருக்கு, சித்தப்பா துபாய்ல இருந்து வந்தப்ப குடுத்தது. நெக் அருமையா இருக்கு, கையில எடுத்தா வைக்க மனசு வராது, அதனால இத வித்துட்டு வேற வாங்குற எண்ணமே இல்ல. ஆனா பிக்கப் (கம்பி அதிர்வ சிக்னலா மாத்துற காந்தச் சுருள்) சத்தம் மெலிசா இருக்கு, வால்யூம் திருப்புனா கரகரங்குது, ட்யூப்லைட் போட்டா ஆம்ப்ல ஒரே இரைச்சல். பிரிட்ஜ் (பாடியில கம்பி உக்காருற எடம்) பக்கம் ஒரு ஹம்பக்கர் (ரெண்டு காயில் வச்ச, இரைச்சல் கம்மியான பிக்கப்) போடணும், பாட் (வால்யூம், டோன் திருப்புற கன்ட்ரோல்), சுவிட்ச், ஜாக் எல்லாம் மாத்தணும், உள்ள ஷீல்டிங் (இரைச்சல தடுக்க உலோக டேப் ஒட்டுறது) பண்ணணும், அப்புறம் ஃப்ரெட் (நெக்ல குறுக்க பதிச்சிருக்குற உலோகக் கம்பி) ரெண்டு மூணு எடத்துல பஸ் ஆகுது (ஸ்டிரிங் அதுல தட்டி ஜிர்ருங்குது) அத சரி பண்ணணும், கடைசியா பாடிய உரிச்சு வேற கலர் அடிக்கணும்னு ஆசை.

யூட்யூப்ல பாத்தா அமெரிக்காக்காரங்க ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்பெஷல் டூல் காட்டுறாங்க, ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேத்தா டூல் விலை கிட்டார் விலையத் தாண்டுது. முன்னாடி எல்லாரும் அலிஎக்ஸ்பிரஸ்ல வாங்குவாங்க, 2020 நவம்பர்ல அத தடை பண்ணதுல இருந்து அந்த வழியும் இல்ல. நான் இருக்குறது திருச்சி, அடுத்த மாசம் ஒரு கல்யாணத்துக்கு சென்னை வர்றேன், ஒரு நாள் முழுசா ஃப்ரீ. எதெல்லாம் லோக்கல்லயே கிடைக்கும், எதுக்கு மட்டும் வெளிநாட்டு ஐட்டம் தான் வேணும்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. பட்ஜெட் எல்லாம் சேத்து 12,000 ரூபா.

சால்டர்_புகை:

ப்ரோ மொதல்ல ஒண்ணு, எதையும் வாங்குறதுக்கு முன்னாடி பிக்கார்ட (பாடி மேல இருக்குற பிளாஸ்டிக் தகடு) கழட்டி உள்ள பாருங்க. சில காப்பில உள்ள ஒரே பெரிய குழியா தோண்டி வச்சிருப்பான், ஹம்பக்கர் அப்படியே இறங்கும், பிக்கார்ட் மட்டும் மாத்துனா போதும். சிலதுல சிங்கிள் காயில் (ஒரே சுருள் வச்ச பிக்கப்) அளவுக்கு மூணு தனித்தனி பள்ளம் இருக்கும், அப்ப மரத்த தோண்ட ரவுட்டர் மெஷின் வேணும். அந்த வேலை வேணாம்னா சிங்கிள் காயில் சைஸ்லயே வர்ற ஹம்பக்கர் இருக்கு, ரெண்டு மெல்லிசான பிளேடு வச்சது, அது பழைய ஓட்டைலயே உக்காரும், ஒரு சீவல் மரம் கூட எடுக்க வேண்டாம்.

இப்ப எலக்ட்ரிக் சாமான். மவுண்ட் ரோடு ரிட்சி ஸ்ட்ரீட் போயிடுங்க, ஆனா ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பாதி கடை மூடியிருக்கும். அங்க வாங்க வேண்டியது 60/40 சால்டர் ஒயர் 0.8 எம்எம், ஃப்ளக்ஸ், டீசால்டர் பம்ப், ஒரு சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர், டெஃப்லான் ஒயர் கொஞ்சம். டெஃப்லான்னு ஏன் சொல்றேன்னா அயர்ன் பட்டாலும் மேல்தோல் உருகாது, புதுசா சால்டர் பண்றவங்களுக்கு அதுதான் நல்லது. சால்டரிங் அயர்ன் 25 வாட் தான் எல்லா கடையிலயும் எடுத்துக் குடுப்பாங்க, அது சர்க்யூட் போர்டுக்கு சரி, பாட்டோட முதுகுல எர்த் ஒயர் ஒட்ட பத்தாது, சூடு ஏறவே மாட்டேங்கும், நீங்க அழுத்திப் பிடிச்சுட்டே இருப்பீங்க அதுக்குள்ள பாட் உள்ள இருக்குற கார்பன் வெந்துடும். 60 வாட், தட்டையான டிப் கேளுங்க. பாட் முதுக உப்புத்தாள்ல நாலு தேய் தேய்ச்சுட்டு வச்சா ரெண்டு மூணு செகண்ட்ல ஒட்டிக்கும்.

டோன் கெப்பாசிட்டருக்கு ஆன்லைன்ல ஆயிரக்கணக்குல விக்கிறதப் பாத்து மயங்காதீங்க, ரிட்சி ஸ்ட்ரீட்ல பாலியஸ்டர் கெப்பாசிட்டர் சில ரூபாய்க்கே கிடைக்கும், மேல 223னு போட்டிருந்தா 0.022 மைக்ரோஃபாரட், 473னா 0.047. ரெண்டுலயும் நாலஞ்சு வாங்கி வச்சு மாத்தி மாத்திக் கேட்டுப் பாருங்க.

ஆனா பாட் மட்டும் அங்க வாங்கும்போது ரொம்ப உஷாரு. கிட்டாருக்கு 250கே (கிலோ ஓம்) இல்லன்னா 500கே, அதுவும் ஆடியோ டேப்பர் (திருப்புறப்ப காதுக்கு சீரா சத்தம் ஏறுற வகை), மேல A250Kனு போட்டிருக்கும். ரேடியோ ஸ்பேர் கடைல பெரும்பாலும் B எழுத்துல ஆரம்பிக்கிற லீனியர் (அளவு ஒரே சீரா ஏறுறது) தான் இருக்கும். சந்தேகமா இருந்தா கடையிலயே மல்டிமீட்டர் வச்சு நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் அளந்து பாருங்க, சரியா பாதி திருப்பி வச்சா லீனியர் பாதி காட்டும், ஆடியோ டேப்பர் ஒரு பக்கம் பத்துல ஒரு பங்கு இல்ல கொஞ்சம் மேல தான் காட்டும். பாட்டும் அஞ்சு வழி சுவிட்சும் கிட்டார் சாமான் விக்கிற ஆன்லைன் கடைல வாங்குறது தான் நிம்மதி, இந்தியாலயே ஸ்டாக் இருக்கு. ஜாக்கும் அப்படித்தான், லூசான ஜாக் மாதிரி எரிச்சல் வேற கிடையாது. ஹம்பக்கர் பளிச்சுனு கேக்கணும்னா 500கே, மத்த ரெண்டு சிங்கிள் காயில் கூர்மையா குத்தக் கூடாதுன்னா 250கே, உங்க காது தான் முடிவு பண்ணணும்.

ஷீல்டிங்குக்கு காப்பர் ஃபாயில் டேப். அலுமினியம் டேப் விலை கம்மி ஆனா அதுல சால்டர் ஒட்டாது. காப்பர்ல பசை கரண்ட் கடத்துற வகையா பாத்து வாங்குங்க, இல்லன்னா ஒவ்வொரு துண்டு சேர்ற எடத்துலயும் ஒரு பொட்டு சால்டர் வைங்க, கடைசில மல்டிமீட்டர பீப் மோடுல வச்சு குழி முழுக்க ஒரே இணைப்பா இருக்கான்னு தடவிப் பாருங்க. இன்னொண்ணும் சொல்லிடுறேன், ஷீல்டிங் பண்ணா ட்யூப்லைட் இரைச்சல் நல்லா குறையும், ஆனா சிங்கிள் காயிலோட அந்த அடி ஹம் முழுசா போகாது, அது டிரான்ஸ்ஃபார்மர் காந்தப்புலத்த காயிலே பிடிக்கிறது. அதோட உங்க வீட்டு பிளக்ல எர்த் ஒழுங்கா இருக்கான்னு ஒரு எலக்ட்ரீஷியன வச்சு பாத்துடுங்க, நம்ம ஊருல நிறைய பழைய வீடுகள்ல மூணாவது ஓட்டை சும்மா பேருக்குத் தான் இருக்கு. இது சத்தத்துக்கு மட்டும் இல்ல, கம்பியப் பிடிச்சுட்டு வாசிக்கிற ஆளோட உயிருக்கும் சேத்துத் தான் சொல்றேன்.

பட்டறை_கோவை:

மேல ப்ரோ சொன்னதுல மாத்த ஒண்ணும் இல்ல. நான் ஃப்ரெட், நட் (நெக் நுனில ஸ்டிரிங் உக்காருற பள்ளம் வெட்டுன துண்டு), பிரிட்ஜ் சமாச்சாரம் மட்டும் சொல்றேன், இதுல தான் ஜனங்க காச வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க, தேவையே இல்ல.

நெக் எவ்வளவு வளைஞ்சிருக்குன்னு அளக்க கிட்டார் கடைல ஒரு கேஜ் விக்கிறான். பைக் மெக்கானிக் டேப்பட் செட் பண்ண வச்சிருக்கானே ஃபீலர் கேஜ், அதே தான். சென்னைல புதுப்பேட்டை போனா கிடைக்கும், திருச்சிலயே ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைல கேளுங்க. ஒண்ணாவது ஃப்ரெட்ல கம்பிய அமுக்கி, நெக் பாடியில சேர்ற எடத்துலயும் அமுக்கி, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல 0.25 எம்எம் தகடு தொட்டும் தொடாம போகணும். ட்ரஸ் ராட் (நெக் உள்ள இருக்குற, வளைவ சரி பண்ற இரும்புக் கம்பி) திருப்ப ஆலன் கீ ஏசியன் கிட்டார்ல பெரும்பாலும் 4 இல்ல 5 எம்எம், அமெரிக்கன்னா இன்ச் அளவு. ஆடாம இறுக்கமா உக்காருதான்னு பாத்துட்டு கால் சுத்துக்கு மேல ஒரே நேரத்துல திருப்பாதீங்க. பஸ் ஆகுறதுல பாதி இதுலயே சரியாகிடும், அதனால ஃப்ரெட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இத பண்ணுங்க.

அப்பவும் பஸ் போகலன்னா ஃப்ரெட் லெவலிங். அதுக்கு லெவலிங் பீம்னு தனியா வாங்க வேண்டாம், அலுமினியம் ஜன்னல் செய்யற கடைல பாக்ஸ் பைப் துண்டு ஒரு அடி கேட்டா வெட்டிக் குடுப்பாங்க. தடியான கண்ணாடி மேல வச்சு ஆடுதான்னு பாருங்க, ஆடலன்னா நேரா இருக்கு. அதுல ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் போட்டு 400 நம்பர் எமரி ஒட்டிக்கங்க. ஃப்ரெட் தலைல மார்க்கர் பேனா மை தடவிட்டு பீம லேசா ஓட்டுங்க, அழுத்தவே கூடாது, மை போன ஃப்ரெட் உசரமா இருக்கு, போகாதது பள்ளம். எல்லாத்துலயும் மை போனதும் நிறுத்திடணும். தட்டையான தலைய திரும்ப உருட்ட சின்ன முக்கோண அரம் எடுத்து அதோட மூணு முனைய சாணக்கல்லுல மழுங்கடிச்சுட்டா போர்டக் கீறாது. போர்டு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டிட்டுத் தான் ஆரம்பிக்கணும். கடைசி பாலிஷுக்கு ஸ்டீல் வுல் பயன்படுத்தினா பிக்கப்பயும் டேப் போட்டு மூடுங்க, அந்த இரும்புத் தூள் காந்தத்துல ஒட்டிக்கிச்சுன்னா எடுக்குறதுக்குள்ள தாவு தீந்துடும்.

நட் அறுக்க ஃபைல் செட் தான் எல்லாரையும் பயமுறுத்துற விலை. கேஸ் வெல்டிங் சாமான் விக்கிற கடைல நாசில் கிளீனர்னு ஒரு சின்ன டப்பா கிடைக்கும், உள்ள மெல்லிசுல இருந்து தடிசு வரைக்கும் ரம்பப் பல்லு வெட்டுன கம்பிங்க வரிசையா இருக்கும். வெர்னியர் வச்சு ஒவ்வொரு கம்பியையும் அளந்து, உங்க ஸ்டிரிங்க விட ஒரு இழை தடிசா இருக்குறத எடுத்துக்கங்க. எலும்பு நட்டுல சூப்பரா வேலை செய்யும். மெதுவாத் தான் போகும், அது நல்லது தான்.

பிரிட்ஜ் மாத்துறதா இருந்தா கண்டிப்பா அளங்க. ஆறு ஸ்க்ரூல முதலுக்கும் கடைசிக்கும் நடுவுல 52.5 எம்எம்மா 56 எம்எம்மான்னு பாத்துட்டு தான் ஆர்டர் போடணும், மாத்தி வந்துச்சுன்னா ஓட்டைய அடைச்சு மறுபடி போடணும். அடில இருக்குற டிரெமலோ பிளாக் (கைப்பிடிய ஆட்டி சுருதிய அசைக்கிற பிரிட்ஜோட அடிக்கட்டி) காப்பி கிட்டார்ல சிலதுல மெலிசான வார்ப்பா இருக்கும். இங்க கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் எந்தப் பட்டறையிலயும் பழச சாம்பிள் குடுத்தா மைல்டு ஸ்டீல்ல இல்ல பித்தளைல அதே ஓட்டையோட அடிச்சுக் குடுப்பாங்க, திருச்சிலயும் பெல் (BHEL) ஃபேக்டரிய சுத்தி எத்தனையோ பட்டறை இருக்கு, கேட்டுப் பாருங்க. பாடியோட தடிமன் மட்டும் அளந்துக்கங்க, மெலிசான பாடில முழு நீள பிளாக் பின்னாடி வெளிய துருத்தும். குயின் பேண்ட் பிரையன் மே 1963ல அவங்க அப்பா கூட சேந்து கிட்டார் செய்ய ஆரம்பிச்சப்போ நெக்குக்கு பழைய வீட்டு கணப்பு அடுப்போட மரச்சட்டம், டிரெமலோவுக்கு பழைய மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். அந்த கிட்டாரத் தான் இத்தனை வருஷமா மேடைல வாசிக்கிறாரு. புதுப்பேட்டைய சாதாரணமா நெனைக்காதீங்க தம்பி.

மரத்தூள்:

பெயிண்ட் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். எங்க குடும்பமே பர்னிச்சர் வேலை தான், கிட்டார் பாடியும் அப்பப்ப பண்றேன்.

காப்பி கிட்டார்ல இருக்குற பாலியஸ்டர் கோட் கல்லு மாதிரி. உப்புத்தாள் போட்டு உரிக்கலாம்னு உக்காந்தா கை விட்டுப் போகும், ஹீட் கன் வச்சு சூடாக்கி பட்டி போடுற தகட்டால தூக்குனா பாளம் பாளமா வரும். ஒரே எடத்துல சூடு காட்டாதீங்க மரம் கருகிடும், ஜன்னல தொறந்து வைங்க, மாஸ்க் போடுங்க. அப்புறம் 120, 220, 320 நம்பர் உப்புத்தாள்னு தேய்ச்சு ஏறணும். உள்ள நல்ல மரம் இருக்கும்னு நம்பி உரிச்சா சிலதுல ஏழெட்டு துண்டு ஒட்டுனதோ பிளைவுட்டோ தான் இருக்கும், அப்ப மரம் தெரியற ஃபினிஷ் ஆகாது, கெட்டியான கலர் தான் அடிக்கணும். அந்த கெட்டியான கலருக்கு பழைய கோட்ட உரிக்கவே வேண்டாம், 400ல மேலாக கீறிட்டு அதுக்கு மேலயே பிரைமர் அடிக்கலாம், பாதி வேலை மிச்சம்.

என்ன அடிக்கிறதுன்னா மூணு வழி இருக்கு. கார் டிங்கரிங் கடைல அடிக்கிற 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கிற கிளியர் கோட்) தான் பளபளப்புக்கும் உறுதிக்கும் நம்பர் ஒன், ஆனா அத வீட்டுல நீங்களே அடிக்காதீங்க. அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரல நிரந்தரமா கெடுக்கும், துணி மாஸ்க்கோ கொரோனா மாஸ்க்கோ அதுக்கு ஒண்ணுமே இல்ல. பாடிய பிரைமர் வரைக்கும் நீங்க ரெடி பண்ணிட்டு டிங்கரிங் கடைல குடுத்துடுங்க, ஒரு பம்பர் அடிக்கும்போது இதையும் சேத்து அடிச்சுத் தருவாங்க.

ரெண்டாவது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், எல்லா பெயிண்ட் கடையிலயும் என்சி சீலரும் தின்னரும் கிடைக்கும். ஈரக்காத்துல அடிச்சா வெள்ளையா பூத்துடும், அதனால ஐப்பசி கார்த்திகைல தொடவே தொடாதீங்க, மாசி பங்குனி தான் இதுக்கு நேரம். அடிச்சதும் மாட்டிடவும் கூடாது, சுருங்கி அடங்க மூணு நாலு வாரம் விட்டு, அப்புறம் 1000, 1500, 2000 வாட்டர் பேப்பர் போட்டு பாலிஷ் பண்ணணும்.

மூணாவது தான் எனக்குப் பிடிச்சது, அரக்கு. ஸ்பிரிட் பாலிஷ்னு ஆசாரிங்க சொல்றது. ஷெல்லாக்னு வெளிநாட்டுக்காரன் டப்பால விக்கிறது இங்க இருந்து போற அரக்கு தான். அரக்கு சீவல வாங்கி ஸ்பிரிட்ல ராத்திரி ஊற வச்சு வடிகட்டி, பஞ்ச மெல்லிசான காட்டன் துணில சுத்தி உருண்டையா பிடிச்சு தேய்ச்சுட்டே வரணும். ஸ்ப்ரே கன் வேண்டாம், கம்ப்ரசர் வேண்டாம். ஸ்பிரிட்டுல தீ பிடிக்கும், பக்கத்துல அடுப்பு இருக்கக் கூடாது. வேர்வைக்கு கொஞ்சம் மங்கும், ஆனா எப்ப வேணா மேல ஒரு கை தேய்ச்சா திரும்ப வந்துடும். ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, அந்தத் துணிய சுருட்டி மூலைல போடாதீங்க, தானா சூடேறி பத்திக்கும், விரிச்சு காயப் போட்டுட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

காவிரிக்கரை_கிட்டார்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. பிக்கார்ட கழட்டிப் பாத்துட்டேன், உள்ள ஒரே பெரிய குழி தான், அதனால முழு சைஸ் ஹம்பக்கரே போடலாம்னு இருக்கேன். பிரிட்ஜ் ஸ்க்ரூ 52.5 எம்எம். பிக்கார்ட்ல பாட் ஓட்டை 7 எம்எம் இருக்கு. அரக்கு பாலிஷ் ஆசை வந்துடுச்சு, அதுக்கு பாடிய உரிச்சுப் பாத்தா தான் தெரியும். ஹம்பக்கர் வாங்கும்போது வேற எதாவது பாக்கணுமா?

சால்டர்_புகை:

7 எம்எம்னா சின்ன சைஸ் மெட்ரிக் பாட் வாங்குங்க ப்ரோ, அமெரிக்கன் பெரிய பாட்டோட கழுத்து 9.5 எம்எம், ஓட்டைய பெருசாக்கணும். எப்படியும் ஹம்பக்கர் ஓட்டை உள்ள புது பிக்கார்ட் வாங்கப் போறீங்க, அதுல பாட் ஓட்டை அளவு என்னன்னு கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு அதுக்கு ஏத்த பாட் எடுங்க, ஸ்க்ரூ ஓட்டையும் உங்க பாடியோட ஒத்துப்போகுதான்னு பழச மேல வச்சுப் பாக்கணும், பதினோரு ஓட்டை, எட்டு ஓட்டைன்னு ரெண்டு தினுசு இருக்கு. நாபும் அப்படித்தான், பாட் ஷாஃப்ட்ல பல்லு எண்ணிக்கை மெட்ரிக்ல 18, அமெரிக்கன்ல 24, மாத்திப் போட்டா உக்காராது.

ஹம்பக்கர்ல போல் பீஸ் (ஒவ்வொரு ஸ்டிரிங்குக்கும் கீழ நிக்கிற உலோகத் துண்டு) வரிசை ரெண்டு அகலத்துல வரும், 49, 50 எம்எம் ஒண்ணு, 52, 53 பக்கம் ஒண்ணு. உங்க பிரிட்ஜுக்கு அகலமானது கண்ணுக்கு நேரா நிக்கும், கிடைக்கலன்னா கொறஞ்சதும் போடலாம், சத்தத்துல பெருசா வித்தியாசம் இல்ல. நாலு ஒயர் வர்றதா வாங்குங்க, பின்னாடி காயில் ஸ்ப்ளிட் (ரெண்டுல ஒரு காயில மட்டும் வேலை செய்ய வைக்கிறது) பண்ணிக்கலாம். ஆனா ஒயர் கலர் கம்பெனிக்கு கம்பெனி மாறும். சீமோர் டங்கன்ல கருப்பு தான் ஹாட் (சிக்னல் ஒயர்), பச்சையும் வெறும் ஒயரும் எர்த், சிவப்பும் வெள்ளையும் சேத்து சால்டர் பண்ணி டேப் சுத்தணும். டிமார்ஸியோல சிவப்பு ஹாட், பச்சை எர்த், கருப்பும் வெள்ளையும் சேத்து டேப். பெட்டில வர்ற பேப்பர தூக்கிப் போட்டுடாதீங்க. சால்டர் பண்றதுக்கு முன்னாடி ஹாட்டுக்கும் எர்த்துக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சு கிலோ ஓம்ஸ் குறிச்சுக்கங்க, பேப்பர்ல போட்டிருக்குற அளவுக்கு கிட்டத்தட்ட வரணும். ஒண்ணுமே காட்டலன்னா காயில் அறுந்திருக்கலாம், ஒயர வெட்டாம அப்படியே திருப்பி அனுப்பிடுங்க, சால்டர் பட்ட பிக்கப்ப கடைக்காரங்க திரும்ப எடுக்க மாட்டாங்க.