சிங்க்குக்குப் பின்னால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, யாராவது உடனே சொல்லுங்கள்

திருச்சிப் பெண்: அவசரம். சமையலறை சிங்க்குக்குக் கீழே, அலமாரிக்குப் பின்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. காலையில் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை, மதியம் திடீரென்று இப்படி. வாளி வைத்து மாளவில்லை. கணவர் போனை எடுக்கவில்லை. கைக்குழந்தை வேறு. இங்கே பிளம்பர் எவ்வளவு கேட்பார்?

செல்வம், நியூஜெர்சி: தொகையை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். இரவு, சனி, ஞாயிறு என்றால் தனிக் கட்டணம். நாங்கள் வந்த புதிதில் ஹீட்டர் ஓடாத வீட்டில் கோட்டோடுதான் தூங்கினோம். பிள்ளைக்குப் பால் காய்ச்சும்போது மட்டும்தான் கை சூடாகும். அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இன்றும் கலங்குகிறது.

ராணி அக்கா: அவசர உதவி எண் 911 அடிம்மா, யோசிக்காதே.

ஸ்கார்பரோ அண்ணா: தங்கச்சி, பிளம்பரைப் பிறகு பார்க்கலாம். முதலில் மெயின் வால்வைப் பூட்டுங்கோ. எந்த ஊர்? தனி வீடா, அபார்ட்மென்டா? சொந்தமா, வாடகையா? இது தெரியாமல் என்ன சொல்லுறது?

குமரன்: 911 எதற்கு? கரன்ட் பெட்டியிலோ விளக்கிலோ தண்ணீர் இறங்கினால் மட்டும் அதை அடியுங்கள். டொராண்டோ என்றால் 311, நகராட்சி உதவி எண்.

ஸ்கார்பரோ அண்ணா: 311 தெருக் குழாய்க்குத்தான். வீட்டுக்குள் உடைந்தால் வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு.

திருச்சிப் பெண்: மன்னிக்கவும், டொராண்டோவில் ஸ்கார்பரோதான். வாடகை. நாங்கள் மேலே, பேஸ்மென்டில் வேறு குடும்பம். வீட்டுச் சொந்தக்காரரும் போனை எடுக்கவில்லை. வால்வு எங்கே இருக்கும்?

ஸ்கார்பரோ அண்ணா: பேஸ்மென்டில்தான். ஓடிப்போய்க் கதவைத் தட்டுங்கோ. தெருப் பக்கச் சுவரோரம், தரையிலிருந்து குழாய் மேலே வரும் இடத்தில் மீட்டர் இருக்கும், பக்கத்தில் வால்வு. சக்கரம் மாதிரி இருந்தால் வலப்பக்கம் இறுகும்வரை திருப்புங்கோ. நீளக் கைப்பிடி என்றால் குழாய்க்குக் குறுக்கே வரும்படி கால் சுற்று. பூட்டியதும் கீழ்த்தளக் குழாய் ஒன்றைத் திறந்து மிச்சத் தண்ணியை வடிய விடுங்கோ.

மணி, எட்மன்டன்: உறைந்த குழாய் இளகினால் இதுதான் நடக்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பெருகுகிறது. குழாய் காலையிலேயே வெடித்திருக்கும், பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. மற்ற இடங்களிலும் உறைந்திருக்கலாம், கொதிநீர் ஊற்றிப் பாருங்கள்.

குமரன்: கொதிநீர் வேண்டவே வேண்டாம், குழாய் விண்டுபோகும். நெருப்பும் காட்டக் கூடாது, சுவர் பற்றிக்கொள்ளும். தரை காய்ந்த பிறகு, குழாயைத் திறந்து வைத்து, அந்த முனையிலிருந்து பின்னோக்கி ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடு காட்டினால் போதும்.

ராணி அக்கா: ஒண்ணாம் தேதி வாடகை வாங்கத் தெரிகிறது, வெளிச்சுவரோரம் ஓடுகிற குழாய்க்கு ஒரு கம்பளி சுற்றத் தெரியவில்லை. அடுத்த மாத வாடகையை நிறுத்துங்கள், தானாக ஓடி வருவார்.

செல்வம், நியூஜெர்சி: ஊரில் தெருமுனைக் கடையில் சொன்னால் அரைமணியில் ஆள் வருவார். இங்கே பத்துப் பேரைக் கூப்பிட்டாலும் மெசேஜ் விடச் சொல்கிறார்கள். இத்தனை வருடமாகியும் எனக்கு இது ஆறவில்லை.

மணி, எட்மன்டன்: அந்தத் தனிமைதான் வலிக்கும். அவசரத்துக்கு எழுப்ப ஒரு பக்கத்து வீடு இருக்காது.

வாணி: வாடகையை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் வெளியேற்றும் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். நம் ஒன்டாரியோ மாகாணத்தின் 2006 வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி பழுது பார்ப்பது வீட்டுக்காரர் கடமை. குடிவரும்போதே குறை தெரிந்திருந்தாலும் அது மாறாது. இப்போதே படம், வீடியோ எடுங்கள். எத்தனை மணிக்கு என்ன ஆனது என்று மெசேஜிலும் ஈமெயிலிலும் அனுப்புங்கள், போனில் மட்டும் சொன்னால் சாட்சி இருக்காது. அவர் அசையவில்லை என்றால் வாடகைத் தீர்ப்பாயத்தில் பழுது பார்க்காததற்கான டி6 (T6) படிவம் போடலாம். பிளம்பரை நீங்களே கூப்பிட நேர்ந்தால் பிளம்பர் தொழிலுக்கான 306ஏ சான்று உள்ளவரா என்று கேட்டு, ரசீது வாங்கி வையுங்கள். வாடகையில் நீங்களாகக் கழிக்காதீர்கள். நனைந்த பொருளுக்கு உங்கள் வாடகைதாரர் இன்சூரன்ஸ்தான் உதவும்; வீட்டுக்காரருடையது கட்டடத்துக்கு.

திருச்சிப் பெண்: கீழ்வீட்டு அக்கா வந்தார், இருவருமாகப் பூட்டினோம். நீளக் கைப்பிடிதான். நின்றுவிட்டது! அவர்கள் மேற்கூரையிலும் ஈரம் இறங்கியிருக்கிறது. சுடுதண்ணீர்த் தொட்டியை என்ன செய்வது?

ஸ்கார்பரோ அண்ணா: நல்லது தங்கச்சி. கேஸ் தொட்டி என்றால் திருகியை ‘பைலட்’ (சின்னச் சுடர் மட்டும் எரியும்) என்ற இடத்துக்குத் திருப்புங்கோ. கரன்ட் தொட்டி என்றால் பிரேக்கரை அணையுங்கோ, ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் தரை ஈரமென்றால் கிட்டப் போகாதீங்கோ. கீழ்வீட்டாரும் கூரையைப் படம் எடுத்து அனுப்பட்டும்.

வாணி: அலமாரியைக் காலிசெய்து கதவைத் திறந்து வையுங்கள், மின்விசிறி இருந்தால் ஓட விடுங்கள். ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். ஹீட்டரைக் குறைக்காதீர்கள். பிளம்பர் வந்து சரிசெய்தபின் வால்வைத் திறக்கும்போது ஒருவர் கீழே மெதுவாகத் திறக்கட்டும், நீங்கள் சிங்க்கருகே நின்று சுவரைப் பாருங்கள். வேறு எங்காவது வெடித்திருந்தால் அப்போதுதான் தெரியும்.