அடுக்குமாடி புளோக் தோட்டத்தில் கைமுட்டி அளவு நத்தை, என்ன செய்வது?

நேற்று ராத்திரி மழை விட்டதும் சமூகத் தோட்டத்துக்குப் போனால் என் பசலைக்கொடியில் ஏழு நத்தைகள், ஒவ்வொன்றும் என் கைமுட்டி அளவு, பழுப்பு ஓட்டில் கோடு கோடாக. உப்பு போடலாமா?

செடிப்பித்தன்: உப்பு வேண்டாம், மண்தான் கெடும். அது ஆப்பிரிக்க ராட்சத நத்தை, கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது, 1847இல் மொரிஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு ஒருவர் கொண்டுவந்து விட்டார், இன்று ஆசியா முழுக்க அதன் ராஜ்ஜியம். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும்தான், ஒரு தடவைக்கு நூறு இருநூறு முட்டை போடும். ராத்திரி டார்ச் வைத்துப் பொறுக்குங்கள், முட்டையைத் தொட்டியடி மண்ணில் தேடுங்கள், சின்னச் சின்ன வெளிர்மஞ்சள் உருண்டை.

மூணாம் மாடி: கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள்! அதற்குள் எலி நுரையீரல் புழு இருக்கலாம், மனித உடம்புக்குள் போனால் மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். கீரையையும் நன்றாகக் கழுவி வேகவைத்தே சாப்பிடுங்கள்.

பாட்டி வீட்டுப் பேரன்: எங்கள் தாழ்வாரச் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றது, ஓட்டுக்குக் கால்சியம் வேண்டுமாம். அம்மா பார்த்துவிட்டு, "இதுக்குக்கூட வெற்றிலைப் பழக்கம்" என்றார்.

கேட்டவர்: சரி, கையுறை வாங்கியாச்சு. இன்று பதினொன்று பொறுக்கினேன், முட்டை இன்னும் கிடைக்கவில்லை.