கணினிச் செலவைப் பாதியாக்கச் சொல்றாங்க, எதை வெட்டலாம்?

கல்முனை_கணக்கர்:
நெல் ஆலையும் மொத்த விற்பனையும். 14 கணினி, ஒரு சேர்வர், மைக்ரோசொப்ட் 365 (மெயிலுக்கும் ஒபிஸுக்கும் ஆளுக்கொண்டாக் காசு கட்டுற சேவை) கணக்கு 22. வியாபாரம் மந்தம், இந்த வருசக் கணினிச் செலவில பாதியை வெட்டட்டாம். இதில பழைய ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3 சிப் உள்ள எட்டுக் கணினிக்கும் எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்), கூடுதல் ரேம் (நினைவகம்) போட்டு ஓட்டலாமெண்டு யோசனை. சரிவருமா?

வாவிக்கரை:
மந்தம் வந்தா பெரிய கம்பனிகளும் முதல்ல கணினி வாங்குறதைத்தான் தள்ளிப்போடும். 2022இல உலகக் கணினி விற்பனை ஏறக்குறைய 16 வீதம் விழுந்தது. கிளவுட் (இணையத்தில வாடகைக்கு எடுக்கிற கணினிச் சேவை) விழயில்ல, வளர்ச்சிதான் மெதுவாகிச்சு.

ஆனா உங்கட கணக்கில ஓட்டை இருக்கு. விண்டோஸ் 10 ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது. இன்டெலில எட்டாம் தலைமுறைக்குக் கீழ விண்டோஸ் 11க்கு முறையான ஆதரவில்ல. எஸ்எஸ்டி போட்டா வேகம் வரும், பாதுகாப்பு அப்டேட் வராது. காசு கட்டி நீட்டலாம்தான், நிறுவனங்களுக்கு முதல் வருசம் கணினி ஒண்டுக்கு 61 டொலர், அடுத்தடுத்த வருசம் இரட்டிக்கும். பிரவுசர் மட்டும் பாவிக்கிற கணினிக்கு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எண்ட இலவச இயங்குதளம் போதும். ஏத்த முதல் பென்டிரைவில ஓட்டிப் பாருங்க: பில் பிரின்டர் அடிக்குதா, பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்ச கடிதம் ஒழுங்காத் தெரியுதா.

மருதமுனை_சேர்வர்:
14 கணினிக்கு 22 கணக்கா? அங்கதான் காசு கிடக்கு தம்பி. விலகிப்போன ஆக்கள்ட மெயில் பெட்டியை முதல்ல பகிர்வுப் பெட்டியா (பல பேர் சேர்ந்து பாக்கிற மெயில் பெட்டி) மாத்துங்க, 50 ஜிபி வரைக்கும் லைசன்ஸ் தேவையில்ல. அதுக்குப் பிறகுதான் லைசன்ஸைக் கழட்டணும். ஆளையே அழிச்சா 30 நாளில மெயிலும் போயிரும். வருச ஒப்பந்தம் புதுப்பிச்சு 7 நாள் தாண்டினா எண்ணிக்கையைக் குறைக்க ஏலாது, அதனால புதுப்பிக்க முதலே எண்ணுங்க.

கல்லடி_வயர்:
மருதமுனைக் காக்கா (அண்ணன்) சொன்னது சரி. ஆனா எல்லாத்தையும் வருச ஒப்பந்தத்தில போட வேணாம். 2022இல டொலர் 200இல இருந்து 360க்கு ஏறினப்போ முழு வருசத்துக்கும் முன்கூட்டிக் கட்டினவன் தப்பினான், உண்மைதான். அதுக்காக பெரும்போக (மாரிகால நெல்) அறுவடைக்கு மட்டும் வாற ஆக்களுக்கு வருசம் முழுக்க ஏன் கட்டணும்? மாதக் கணக்கு 20 வீதம் கூட, எண்டாலும் மூணு மாசத்துக்கு அதுதான் மலிவு.

யூபிஎஸ் (கரண்ட் போனா கணினியைத் தாங்குற பற்றரிப் பெட்டி) செலவை வெட்டாதீங்க. பெட்டி நல்லாயிருந்தா 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பற்றரியை மட்டும் மாத்துங்க, இரண்டு மூணு வருசத்தில அது ஊதிரும். பேக்கப் டிஸ்க்கை எந்நேரமும் சொருகி வைக்காதீங்க, ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிக் காசு கேக்கிற வைரஸ்) வந்தா அதையும் சேர்த்துப் பூட்டும். மாசத்தில ஒருக்கா பில் டேட்டாபேஸை வேறொரு கணினியில மீட்டு, நேத்தைய கடைசி பில் இலக்கம் இருக்குதா எண்டு பாருங்க.