போர்ட்டல் சிரையில் தொற்றும் இரத்தக்கட்டியும்: எந்த நிபுணரைப் பார்ப்பது?

காரைக்குடிக்கு அருகே பள்ளத்தூரில் இருக்கும் என் அப்பச்சிக்கு (வயது 58, சர்க்கரை நோய் உண்டு) சென்ற மாதம் குடல்வால் வெடித்து அறுவை சிகிச்சை நடந்தது. தையல் ஆறிய பிறகும் மாலையானால் நடுக்கத்துடன் காய்ச்சல், வலது விலாவின் கீழ் வலி, கண்ணில் லேசான மஞ்சள் என்று தொடர்ந்ததால், மலேரியா, டைபாய்டு, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு உள்ளூரிலேயே பரிசோதித்தோம், எதுவும் இல்லை. மதுரையில் மருந்து செலுத்தி எடுத்த சி.டி. ஸ்கேனில்தான், குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரையில் அழற்சியும் இரத்தக்கட்டியும் இருப்பது தெரிந்தது. கல்லீரலில் சீழ்க்கட்டி இல்லை. இரத்தக் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ஈ.கோலை கிருமி வந்துள்ளது.

நரம்பு வழியே ஏற்றும் ஆன்டிபயாடிக்கில் காய்ச்சல் தணிந்துவிட்டது; அதை 4 முதல் 6 வாரம் தொடர்வதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், இரத்தக்கட்டி குடல் சிரைகளுக்குப் பரவாதிருக்க இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியும் வேண்டும் என்கிறார் அறுவை சிகிச்சை நிபுணர். இரத்தக்கசிவை அஞ்சி அது வேண்டாம் என்கிறார் பொது மருத்துவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுதான் எங்களுக்குச் சிக்கல்.

இதை முடிவு செய்ய, மதுரையிலோ திருச்சியிலோ குடல்-கல்லீரல் மருத்துவரை அணுகுவது சரியா, இரத்தவியல் நிபுணரை அணுகுவது சரியா?