நாக்பூர் நேரோ கேஜ் மியூசியம்: லைனே போயிடுச்சு, இனி இது நிக்குமா?

நாக்பூர்வாசி:
வணக்கம் மக்களே. வேலைக்காக இங்க வந்து நாலு வருஷம் ஆகுது, போன ஞாயித்துக்கிழமைதான் பையனைக் கூட்டிட்டு மோதிபாக்ல, கட்பி சௌக் பக்கத்துல இருக்கற நேரோ கேஜ், அதாவது ஒடிசலான தண்டவாளத்துல ஓடின சின்ன ரயிலோட மியூசியத்துக்குப் போனேன். எல்லா இன்ஜினையும் தொட்டுப் பார்த்துட்டு வெளிய வந்து, "அப்பா இதுல எப்ப போலாம்"னு கேட்டான் பாருங்க, எனக்கு வாய் வரல. 2002ல இதைத் திறந்தப்ப இங்கேருந்து சிந்த்வாடாவுக்கு நேரோ கேஜ்லயே போயிட்டு வந்திருக்கலாம். 2015ல அது நின்னுச்சு, மிச்சம் இருந்த நாக்பீட் லைனும் 2019ல நிறுத்தியாச்சு, எல்லாம் பிராட் கேஜுக்காக, அதாவது அகலத் தண்டவாளத்துக்காக. மூடப் போறாங்கன்னு யாரும் சொல்லல, எனக்கா வந்த பயம்தான். ஆனா ஓடற லைன் இல்லாத ரயிலுக்கு மியூசியம் மட்டும் எத்தனை காலம் தாங்கும்?

ஜன்னல்சீட்டு:
ஏன் பயப்படறீங்க, நம்ம ஊட்டி ட்ரெயினும் நேரோ கேஜ்தானே, சூப்பரா ஓடிட்டுதானே இருக்கு

பொன்மலைப் பேரன்:
ஊட்டி மீட்டர் கேஜ் ப்ரோ, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1000 மில்லிமீட்டர். நாக்பூர்து 762, கல்கா சிம்லாவும் அதே அளவு. டார்ஜிலிங் இன்னும் ஒடிசல், 610.

ஆனா நீங்க ஊட்டியை இழுத்தது நல்லதாப் போச்சு. தாத்தா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்தவர், அவர் சொல்வார், ஸ்டீம் இன்ஜின் மாடு மாதிரி, கட்டியே வச்சா செத்துடும்னு. வெளிய பெயின்ட் அடிச்சு பளபளன்னு வச்சிருப்பாங்க, உள்ள பாய்லர் ட்யூப் எல்லாம் ஈரத்துல அரிச்சுப் போயிருக்கும், பத்து வருஷம் கழிச்சு யாராவது ஆசைப்பட்டு ஓட்டலாம்னு பார்த்தா ட்யூப் மாத்தணும், பிரஷர் டெஸ்ட் பண்ணணும், அதைச் செய்யத் தெரிஞ்ச ஆள் அதுக்குள்ள ரிடயர் ஆகி பேரன் வீட்டுல இருப்பார். நீலகிரிக்கு பொன்மலைல புதுசாவே ஸ்டீம் இன்ஜின் செஞ்சு அனுப்பினாங்களே, எப்படி முடிஞ்சுது? தினம் ஓடற வண்டி, ரிப்பேர் வந்துட்டே இருக்கும், கை மறக்கல. நாக்பூர்ல கட்டடம் நிக்கும்ங்க. கைதான் போயிடும்.

கோந்தியா மருமகள்:
நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடறேன், கோச்சுக்காதீங்க. கல்யாணம் ஆகி வந்த புதுசுல கோந்தியாலேருந்து பாலாகாட், நைன்பூர் பக்கமெல்லாம் அந்தச் சின்ன வண்டிலதான் போனோம். காடு, ஆறு, சாத்பூரா மலை, வெளிய பார்க்க அவ்வளவு அழகு, உள்ள நசுங்கிப் போயிடுவோம். மழைக்காலத்துல கைக்குழந்தையோட போயிருந்தா நீங்களும் பிராட் கேஜ் வேணும்னுதான் கேட்டிருப்பீங்க. இங்க பிராட் கேஜ் வந்தப்ப யாரும் அழல, இனிப்பு கொடுத்தாங்க. என் மாமியார் மட்டும் "அந்த வண்டில ஏறினா எல்லாரும் பேசிட்டே போவோம்"னு இப்பவும் சொல்லுவாங்க. முழு லைனையும் வச்சிருக்க வேணாம். காட்டுக்குள்ள ஒரு பத்து கிலோமீட்டராவது விட்டிருக்கலாமேங்கறதுதான் என் வருத்தம்.

ஜன்னல்சீட்டு:
மீட்டர் கேஜா, ஸாரி ஸாரி 🙏 மாடுன்னதும் ஞாபகம் வருது, குஜராத்ல தபோய் - மியாகாம் லைன் 1862ல ஆரம்பிச்சப்ப நிஜமாவே மாடுதான் இழுத்துச்சு. இன்ஜின் கொண்டு வந்து பார்த்தா தண்டவாளம் வெயிட் தாங்கல, திரும்பவும் மாடு, அப்புறம் பலமான தண்டவாளம் போட்டுதான் இன்ஜினுக்கு மாறினாங்க. அந்தத் தபோய் வழியாதான் இப்ப கேவடியா பட்டேல் சிலைக்குப் போற பிராட் கேஜ் போகுது.

நாக்பூர்வாசி:
அக்கா சொன்னதும் நியாயம்தான், நான் ஏசி காருல போய் இறங்கி ஃபீல் பண்றவன். பொன்மலைப் பேரன் சொன்ன 'கை' விஷயம் மண்டைக்குள்ள சுத்துது. மோதிபாக் பக்கம் பழைய டிரைவர், ஃபயர்மேன் யாராவது இருப்பாங்க இல்ல, எங்க தெரு டீக்கடைல விசாரிச்சு, கிடைச்சா உக்கார வச்சு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணலாம்னு இருக்கேன். என் ஹிந்தி சுமார்தான், பையன் நல்லாப் பேசுவான். என்ன கேக்கறது?

பொன்மலைப் பேரன்:
"எப்படி இருந்துச்சு"ன்னு மட்டும் கேக்காதீங்க, நல்லா இருந்துச்சுன்னு முடிச்சுடுவாங்க. ஏத்தத்துல மழை பேஞ்சு சக்கரம் வழுக்கினா பிடிப்புக்குத் தண்டவாளத்துல மணல் எப்ப விடுவீங்க, எவ்வளவு விடுவீங்கன்னு கேளுங்க. கை தானா ஆடும். வீடியோவா எடுங்க, கையைக் காட்டி எடுங்க.