மரண அறிவித்தலில் வந்த பெயர்கள்: தனியுரிமை யாருடைய கையில் இருக்கிறது?

முத்தையன்கட்டு மகள்:
கடந்த மாதம் என் அம்மம்மா காலமானார். கனடாவில் இருக்கும் பெரிய மாமா இணையத்தில் மரண அறிவித்தல் போட்டார். நம் வழக்கப்படி, அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும் இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று தொடங்கி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் அனைவரின் பெயரும், யார் எந்த நாட்டில் வசிக்கிறார் என்பதும், அடியில் நான்கு தொலைபேசி இலக்கங்களும் அதில் இருந்தன. எனக்கு முகநூலில் கணக்கே கிடையாது. ஆயினும் என் முழுப்பெயர், கணவரின் பெயர், மாமனாரின் ஊர் எல்லாம் இப்போது தேடுபவர் எவருக்கும் கிடைக்கின்றன.

எட்டுச் செலவு முடிந்த மறுவாரம் அம்மாவின் இலக்கத்துக்கு ஒருவர் அழைத்தார். தன்னைச் சுவிஸ் மாமாவின் நண்பர் என்றார். பேரப்பிள்ளைகளின் பெயர்களைப் பிழையின்றிச் சொன்னார். அந்தியேட்டிக்கு மாமா அனுப்பிய பொதி சுங்கத்தில் நிற்பதாகவும் அதை விடுவிக்க 45,000 ரூபாய் வைப்பிலிட வேண்டும் என்றும் கூறினார். அம்மா நம்பி வங்கிக்குப் புறப்பட்டுவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா மறித்து மாமாவுக்கு அழைத்தபடியால்தான் பணம் தப்பியது. அழைத்தவர் எவருடைய கணக்கையும் உடைக்கவில்லை. நாங்கள் போட்டதை வாசித்தார், அவ்வளவுதான். ஆகவே, உயிரோடு இருப்பவரின் பெயரையும் இலக்கத்தையும் அவரிடம் கேட்காமல் இணையத்தில் போடக்கூடாது என்று நான் கருதுகிறேன்.

பரந்தன் சந்தி:
பிள்ளை, அம்மம்மாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள். ஆனால் உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. குற்றம் ஏமாற்ற வந்தவனுடையது, அறிவித்தல் போட்ட மாமாவுடையது அல்ல. யாரேனும் பணம் கேட்டால் உறவினரை நேரே அழைத்து உறுதிப்படுத்த வேண்டும் என்று வயதானவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே வழி. கருவிகளிலும் காவல் இருக்கிறது: உங்களை வட்ஸ்அப் குழுவில் யார் சேர்க்கலாம் என்பதை 2019 முதல் நீங்களே தீர்மானிக்கலாம், முகநூலில் உங்கள் பெயரைத் தொடுத்த படத்தை உங்கள் பக்கத்தில் காட்டுவதா என்பதையும் தீர்மானிக்கலாம். தன் வீட்டுப் படலையைத் தான் சாத்துவதே முறை. ஊரைப் பேசாதே என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009 இல் இறுதிப் போரின்போது மாத்தளனில் இறந்த என் தமையனுக்கு மரண அறிவித்தல் போடப்படவில்லை. அன்று இறந்த எத்தனையோ பேருக்கு அது கிடைக்கவில்லை. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் முட்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வலயத்திலிருந்தும் வருபவர்களிடம் உறவினரின் பெயர்களைச் சொல்லிச் சொல்லித் தேடினோம். என் அக்காவின் மகனை மூன்று ஆண்டுகளின் பின் கண்டுபிடித்தது, யாரோ ஒருவர் கேட்காமல் முகநூலில் ஏற்றிய கோயில் படத்தில்தான். பெயர்களை மறைக்கச் சொல்லும்போது அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள்.

நெடுங்கேணி ரீச்சர்:
நான் தகவல் தொழில்நுட்பம் கற்பிப்பவள். ஐயா கூறிய துயரத்துக்கு முன்னால் வாதாடவே தயக்கமாக இருக்கிறது. ஆயினும், படலையைத் தானே சாத்தினால் போதும் என்பது உண்மையன்று. நமக்கு இருக்கும் வேலியெல்லாம் பிறர் காணியோடு பொதுவேலி.

கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின், 2018 இல் வெளியான விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுமைப் பரீட்சை வைக்கும் ஒரு செயலியை ஏறத்தாழ 270,000 பேர் தாமாக விரும்பி நிறுவினார்கள். அக்காலத்தில் நண்பர்களின் தரவையும் எடுக்கச் செயலிகளுக்கு இடமிருந்தபடியால், பேஸ்புக் தானே வெளியிட்ட கணக்கின்படி 87 மில்லியன் பேர் வரையானவர்களின் விபரங்கள் போயின. சம்மதித்த ஒருவருக்குச் சம்மதம் கேட்கப்படாத முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் என்று கணக்கு வருகிறது. அவர்களில் எத்தனையோ பேர் தங்கள் படலையைக் கவனமாகச் சாத்தியிருப்பார்கள்.

தொலைபேசிப் புத்தகமும் அப்படித்தான். வட்ஸ்அப்புக்கு நீங்கள் அனுமதி கொடுத்தால், அதைப் பாவிக்காத உங்கள் பெரியம்மாவின் இலக்கமும் சேர்ந்தே போகிறது. 2021 இல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்துக்கு 225 மில்லியன் யூரோ தண்டம் விதித்த தீர்ப்பில், பாவனையாளர் அல்லாதோரின் இலக்கங்களைக் கையாண்ட விதமும் ஆராயப்பட்டது. அதைவிட என்னை அதிரவைத்தது 2019 இல் வெளிவந்த ஓர் ஆய்வு. வெர்மான்ட், அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ருவிற்றர் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒருவர் எழுதப்போவதைக் கணிப்பதில் எட்டக்கூடிய துல்லியத்தின் ஏறத்தாழ 95 வீதத்தை, அவருடைய பதிவுகளைப் பாராமல், அவரோடு தொடர்புள்ள எட்டு ஒன்பது பேரின் பதிவுகளிலிருந்தே எட்டலாம் என்று கண்டார்கள். கணக்கில்லாதவரையும் இதே முறையில் அறியக்கூடும் என்பதே அவர்கள் சுட்டிய கவலை.

இரணைமடுக் காற்று:
நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் அயலவர் முன்னாள் போராளி; போருக்குப் பின் அரசின் புனர்வாழ்வு பெற்று வந்து, தோட்டம் செய்து அமைதியாக வாழ்பவர். வெளிநாட்டிலுள்ள ஓர் உறவினர் பெருமைக்காக அவருடைய பழைய படமொன்றைப் பெயரோடு முகநூலில் ஏற்றினார். இரு நாட்களில் வீட்டுக்கு விசாரிக்க வந்தார்கள். படத்தை ஏற்றியவர் இருக்கும் நாட்டில் அதற்கு விருப்பக்குறிகள்தான் கிடைத்தன. அதன் விலையை இங்கே இவரும் இவருடைய பிள்ளைகளும் கொடுத்தார்கள். பெயரை நீக்குமாறு கேட்டு நீக்கிய பின்னும் படம் அங்கேயே இருந்தது.

பரந்தன் சந்தி:
அந்தப் படத்தை ஏற்றியது தவறு. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆபத்து இன்னொருவருக்கு வரக்கூடிய இடத்தில் கேட்டே ஆக வேண்டும். ஆனால் மரண அறிவித்தலை அதோடு சேர்க்காதீர்கள். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்கூட, ஒருவர் முற்றிலும் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவலை விலக்கியே வைத்திருக்கிறது. செத்த வீட்டில் இருப்பவர்கள் நாற்பது பேரப்பிள்ளைகளிடம் எப்படிச் சம்மதம் வாங்குவார்கள்? ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் காலம் முழுவதும் அதைச் சொல்லிக்காட்டும்.

முத்தையன்கட்டு மகள்:
ஐயா, உலகம் முழுவதும் திறந்து பார்க்கும் தளத்தில் போட்ட பிறகு அது வீட்டுத் தேவையாக நிற்குமா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முன்பு அறிவித்தல் பத்திரிகையில் ஒரு நாள் வந்து, மறுநாள் கடையில் சாமான் சுற்றப் போய்விடும். இப்போது அது அழிவதில்லை; பெயரைத் தட்டினால் உடனே வருகிறது.

ஆனால் உங்கள் தமையனைப் பற்றி எழுதியதை வாசித்த பின், பெயர்களையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தியேட்டி அழைப்பைப் போடும்போது பெரிய மாமாவோடு பேசினேன். அம்மம்மா பிறந்த ஊரையும் வாழ்ந்த ஊரையும் விட்டுவைத்தோம். பெயர்களையும் விட்டுவைத்தோம். உயிரோடு இருப்பவர்கள் வசிக்கும் இடங்களையும் அம்மாவின் இலக்கத்தையும் எடுத்துவிட்டு, மாமாவின் இலக்கத்தை மட்டும் போட்டோம். உறவைத் தேடி யாரும் அழைத்தால், மாமா விசாரித்து அறிந்த பின் உரியவரோடு தொடுத்துவிடுவார்.

பரந்தன் சந்தி:
அது ஏற்கக்கூடிய ஏற்பாடு, பிள்ளை. ஆனால் ஓர் இலக்கம் போதாது. இங்கே பகலாக இருக்கும்போது கனடாவில் இரவு; தேடி அலைகிறவன் பெரும்பாலும் ஒருமுறைதான் துணிந்து அழைப்பான், எவரும் எடுக்காவிட்டால் மனம் விட்டுப்போவான். ஊரில் சம்மதிக்கும் ஒருவரின் இலக்கத்தையும் சேருங்கள். இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.